நீர் வடியாத நிலத்தில் முதலீடு: ஒரு கோல்ப் மைதானம் தரும் பாடம்



ஒரு கடையாகட்டும், ஒரு மண்டபமாகட்டும், வருமானம் குறையத் தொடங்கியதும் நாம் முதலில் பார்ப்பது விலையைத்தான். விலை கூடிவிட்டதா, போட்டிக்கு யாராவது வந்துவிட்டார்களா, விளம்பரம் போதவில்லையா என்று ஆராய்கிறோம். பிறகு முகப்புக்கு வர்ணம் பூசுகிறோம், புதுப் பெயர்ப்பலகை போடுகிறோம், வெளிச்சத்தைக் கூட்டுகிறோம். ஆனால் சில தொழில்களில் நோய் முகப்பில் இருப்பதில்லை. அது காலுக்குக் கீழே, மண்ணுக்குள் இருக்கிறது.

அப்படி மண்ணுக்குள் நோய் இருந்த ஒரு பொது மைதானத்தைப் பற்றியும், அதை எப்படிச் சீர்செய்தார்கள் என்பதைப் பற்றியும் இவ்வாரம் பார்ப்போம். அது ஒரு கோல்ப் மைதானம். ஆனால் பாடம் கோல்ப் பற்றியது அல்ல. தாழ்ந்த நிலத்தில், தண்ணீரோடு வாழ்ந்துகொண்டு, சாதாரண மக்களால் கொடுக்கக்கூடிய விலையில் ஒரு தொழிலை நடத்துவது எப்படி என்பதே பாடம். மட்டக்களப்பு வாவிக்கரையில் கடையும் களஞ்சியமும் அரிசி ஆலையும் வைத்திருக்கும் நமக்கு இதைவிட நெருக்கமான விடயம் வேறில்லை.

கோல்ப் பணக்காரர் விளையாட்டல்லவா?

இக்கேள்வி நியாயமானதே. நமது நாட்டில் கோல்ப் என்றதும் ஞாபகத்துக்கு வருவது கொழும்பு பொரளையில் இருக்கும் ரோயல் கொழும்பு கோல்ப் கழகம். 1879இல் ஆரம்பிக்கப்பட்ட பழைய கழகம் அது. நுவரெலியா கழகம் 1889இல் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரின் காலத்தில் வந்தது. கண்டிக்கு அருகே திகனவில் விக்டோரியா மைதானம் 1999இல் திறக்கப்பட்டது. ஹம்பாந்தோட்டையில் ஷங்ரிலா ஹோட்டலோடு சேர்ந்த மைதானம் 2016இல் வந்தது. நமது கிழக்கு மாகாணத்தில் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையினரின் மைதானம் இருக்கிறது. இவற்றையெல்லாம் பார்க்கும்போது இது சாதாரண மக்களுக்கான விடயம் அல்ல என்றே தோன்றும்.

ஆனால் இந்த விளையாட்டு பிறந்த ஸ்கொட்லாந்தில் கதை வேறு. அங்கே சென்ற் அன்ட்ரூஸ் என்ற கடற்கரை ஊரில் உலகப் புகழ்பெற்ற பழைய மைதானம் இன்றும் ஊர்ப் பொது நிலமாகவே இருக்கிறது. பணக்காரக் கழகம் ஒன்றின் சொத்து அல்ல அது. கடற்கரையை ஒட்டிய மணல் நிலத்தில் பயிர் விளையாது, ஆடுகள் மட்டும் மேயும். மழை பெய்தால் தண்ணீர் மணலுக்குள் இறங்கிவிடும். ஆகவே வருடம் முழுவதும் விளையாட முடிந்தது. கோல்ப் வளர்ந்ததற்கு முதல் காரணம் பணம் அல்ல, நீர் வடியும் மண்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

அமெரிக்காவில் பல நகர சபைகள் மக்களுக்காகச் சொந்தமாக கோல்ப் மைதானம் நடத்துகின்றன. நமது ஊரில் நகர சபை ஒரு சந்தையையோ மைதானத்தையோ நடத்துவது போலத்தான். ஓய்வு பெற்றவர்கள், தொழிலாளர்கள், மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் வந்து விளையாடுவார்கள். அப்படியான ஒன்றுதான் நாம் பார்க்கப் போவது.

வாவிக்கரை போன்ற ஓர் ஊர்

அமெரிக்காவின் புளொரிடா மாநிலத்தில் சரசோட்டா என்று ஒரு நகரம் உண்டு. வரைபடத்தில் பார்த்தால் நமக்குப் பழக்கமான ஓர் அமைப்புத் தெரியும். வெளியே கடல். அதற்கு உள்ளே நீண்ட ஒடுங்கிய மணல் தீவுகள். அதற்கும் உள்ளே அமைதியான வாவி போன்ற குடா. பிறகு தட்டையான தாழ்ந்த நிலம். மழை ஒரு சில மாதங்களில் கொட்டித் தீர்க்கும். நமக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி என்றால் அவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை.

இந்த நகரத்துக்குச் சொந்தமான மைதானம் 1926இல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் பெயர்பெற்ற டொனால்ட் ரொஸ் என்பவர் அதை வடிவமைத்தார். மறு வருடம், 1927இல், அப்போது உலகப் புகழோடு இருந்த பொபி ஜோன்ஸ் என்ற வீரர் நேரில் வந்து விளையாட, அவரது பெயரே மைதானத்துக்குச் சூட்டப்பட்டது. ஆரம்பத்தில் 18 குழிகள். காலப்போக்கில் கூட்டம் சேரச் சேர மைதானத்தையும் பெருப்பித்தார்கள். கடைசியில் 45 குழிகள், ஏறத்தாழ 300 ஏக்கர் நிலம்.

வெளியே பார்த்தால் வளர்ச்சிதான். ஆனால் நிலம் தாழ்ந்தது. ஊரின் மேற்புறத்தில் பெய்யும் மழைநீரும் இந்த மைதானத்தின் ஊடாகத்தான் பிலிப்பி என்னும் ஓடைக்குப் போய்ச் சேர்ந்து, பின்பு குடாவில் விழுகிறது. ஊர் வளர வளர, வீடும் வீதியும் கூடக் கூட, மண்ணுக்குள் இறங்க வேண்டிய தண்ணீர் ஓடி வரத் தொடங்கியது. மைதானத்தின் பழைய வடிகான்கள் அதைத் தாங்கவில்லை. மழைக்குப் பின் நாட்கணக்கில் தண்ணீர் தேங்கியது. புல் அழுகியது. விளையாட வருவோர் குறைந்தனர். வருமானம் குறைந்ததும் பராமரிப்புக் குறைந்தது. பராமரிப்புக் குறைந்ததும் வருவோர் இன்னும் குறைந்தனர். நகர சபை தன் பணத்தைப் போட்டு நட்டத்தை நிரப்ப வேண்டி வந்தது.

2020 மார்ச்சில் கொரோனாக் காலத்தில் மூடப்பட்ட மைதானம் மறுபடி அப்படியே திறக்கப்படவில்லை. சுருக்கித் திருத்துவதா, பெரிதாகவே வைத்திருப்பதா, இவ்வளவு செலவு அவசியம்தானா என்று பல வருடங்களாக நடந்துவந்த விவாதத்துக்கு முடிவு கட்ட வேண்டிய கட்டம் வந்தது. அவர்கள் எடுத்த தீர்மானம்தான் நமக்குப் பாடம்.

45 குழிகளைக் கைவிட்டார்கள். டொனால்ட் ரொஸ் வரைந்த பழைய 18 குழிகளை மட்டும் ரிச்சர்ட் மண்டெல் என்ற வடிவமைப்பாளரைக் கொண்டு மீட்டெடுத்தார்கள். அத்தோடு சிறுவர்களும் புதியவர்களும் விளையாட 9 குழிகள் கொண்ட ஒரு சிறு மைதானம், ஒரு பயிற்சித் திடல். மீதி நிலத்தை என்ன செய்தார்கள்? விற்கவில்லை. தண்ணீருக்கே கொடுத்துவிட்டார்கள். அதில் நீர் தங்கும் சதுப்பு நிலங்களை உருவாக்கி, சுற்றிலும் மக்கள் நடப்பதற்குப் பாதை போட்டு, இயற்கைப் பூங்கா ஆக்கினார்கள். மேலேயிருந்து வரும் மழைநீர் அங்கே தங்கி, அழுக்கு வடிந்து, பிறகு மெதுவாக ஓடைக்குப் போகிறது. இனிமேல் அந்த நிலத்தைத் துண்டுபோட்டுக் கட்டிடம் எழுப்ப முடியாதபடி 2022இல் சட்டபூர்வமான உடன்படிக்கையும் செய்துகொண்டார்கள். 2023 டிசம்பரில் 18 குழி மைதானம் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

சுருங்கச் சொன்னால், தொழிலைப் பாதியாக்கித் தொழிலைக் காப்பாற்றினார்கள்.

தண்ணீரின் கணக்கு

நாம் சரக்குக்குக் கணக்கு வைக்கிறோம், கடனுக்குக் கணக்கு வைக்கிறோம். தண்ணீருக்குக் கணக்கு வைப்பதில்லை. அது மிகச் சுலபமான கணக்கு.

ஒரு ஹெக்டயர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர் தண்ணீர் விழுகிறது. மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது நமக்குப் புதினமல்ல. அப்படியானால் ஒரு ஹெக்டயரில் விழுவது 10 இலட்சம் லீற்றர். 5,000 லீற்றர் பவுசர் கொண்டு அள்ளினால் 200 தடவை ஓட வேண்டும். 50 ஹெக்டயர் மைதானத்துக்கு 10,000 பவுசர். இது அந்த நிலத்தில் நேரடியாக விழும் தண்ணீர் மட்டும். பக்கத்து வளவிலிருந்தும் வீதியிலிருந்தும் ஓடி வருவது தனி.

இந்தக் கணக்கைப் பார்த்தவர் ஒரு மோட்டார் வாங்கி வைத்துத் தண்ணீரை இறைத்துவிடலாம் என்று நினைக்க மாட்டார். இறைத்த தண்ணீரை எங்கே விடுவது என்பதுதான் அடுத்த கேள்வி.

கட்டணத்தை உயர்த்தினால் சரிவருமா?

மலிவான பொது மைதானத்துக்குத் தண்ணீர் ஏன் இவ்வளவு பெரிய எதிரி? அதையும் ஒரு கற்பனை உதாரணத்தால் பார்ப்போம்.

ஒரு மைதானத்துக்குக் காவலாளி, புல் வெட்டுபவர், மின்சாரம் எல்லாம் சேர்த்து மாதம் 3 இலட்சம் ரூபா நிரந்தரச் செலவு என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 40 பேர், ஒருவருக்கு 300 ரூபா. 30 நாளும் திறந்திருந்தால் வருமானம் 3 இலட்சத்து 60 ஆயிரம். 60 ஆயிரம் மிச்சம்.

தண்ணீர் நின்று 6 நாள் மூடினால் வருமானம் 2 இலட்சத்து 88 ஆயிரம். இப்போது 12 ஆயிரம் நட்டம். மூடியிருந்த 6 நாளும் காவலாளிக்குச் சம்பளம் நிற்காது. கடையில் இன்று விற்காத சீனி நாளைக்கு விற்கும். ஆனால் இன்று காலியாக இருந்த மைதானத்தை நாளைக்கு இரண்டு தடவை விற்க முடியாது.

பழைய இலாபத்தைப் பிடிக்கக் கட்டணத்தை 375 ரூபாவாக உயர்த்துகிறார்கள் என்று வையுங்கள். சேற்று மைதானத்துக்குக் கூடிய விலையா என்று சிலர் நின்றுவிடுகிறார்கள். 40 பேர் 30 ஆகிறார்கள். 24 நாளைக்கு வருமானம் 2 இலட்சத்து 70 ஆயிரம். நட்டம் 30 ஆயிரமாகிவிட்டது. விலையை உயர்த்தியதால் நட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பணக்காரக் கழகம் ஒன்றுக்கு அங்கத்தவர் சந்தா இருக்கிறது. மழை பெய்தாலும் வெயில் எரித்தாலும் சந்தா வரும். மலிவான பொது இடம் நாளாந்தக் கூலிக்காரனைப் போன்றது. வேலை செய்த நாளுக்குத்தான் வருமானம். ஆகவே, குறைந்த விலையில் சேவை தர விரும்புகிறவர்தான் நீர் வடிப்பதில் அதிகக் கவனம் செலுத்த வேண்டும்.

வேலையின் ஒழுங்கு

இவ்வாறான மைதானத்தைத் திருத்தும்போது அனுபவசாலிகள் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறார்கள். ஒழுங்கு மாறினால் பணம் வீண். அது நமது கட்டிட வேலைகளுக்கும் பொருந்தும்.

முதலாவது, வெளிவாசல். தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழப்போகிறது? அந்த இடத்தின் நீர்மட்டம் நமது நிலத்தைவிடத் தாழ்வாக இருக்கிறதா? கோடையில் அல்ல, மாரியில் இருக்கிறதா? வாவிக்கரையில் இதுதான் பெரிய சிக்கல். கோடையில் குழாய் போட்டுப் பார்த்தால் தண்ணீர் அழகாக வாவிக்குப் போகும். மாரியில் வாவி உயர்ந்ததும் அதே குழாய் வழியாக வாவித் தண்ணீர் நமது நிலத்துக்குள் வரும். ஆகவே வெளிவாசலில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு வைக்க வேண்டும். அந்தக் கதவு மூடியிருக்கும் நாட்களில் உள்ளே பெய்யும் மழை தங்குவதற்கு ஒரு குளமும் வேண்டும். சரசோட்டாவில் சதுப்பு நிலத்துக்கு அவ்வளவு இடம் ஒதுக்கியதன் இரகசியம் இதுதான்.

இரண்டாவது, நிலத்தின் சாய்வு. தட்டையாகத் தெரியும் மைதானம் தட்டையாக இருக்கக் கூடாது. 100 அடிக்கு 2 அடியாவது சாய்வு இருந்தால்தான் மேல்தண்ணீர் தானாக ஓடும். குளம் தோண்டும் மண்ணையே விளையாடும் இடத்தை உயர்த்தப் பயன்படுத்துவார்கள். இதனால் வெளியிலிருந்து லொறியில் கிறவல் கொண்டுவரும் செலவு மிச்சம். அதைவிட முக்கியம், ஓர் இடத்தை உயர்த்தியதற்கு ஈடாக இன்னோர் இடம் தாழ்கிறது. தண்ணீருக்கு இருந்த இடம் குறைவதில்லை.

மூன்றாவது, மண்ணுக்குள் வடிகான். குழி இருக்கும் சிறு புற்றரையை கிறீன் என்பார்கள். அதற்கு அமெரிக்க கோல்ப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறை பல நாடுகளில் இன்றும், காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு, பின்பற்றப்படுகிறது. அடியில் துளையிட்ட குழாய்கள். அவற்றின் மேல் 4 அங்குலம் சல்லி. அதன் மேல் 12 அங்குலம் தெரிந்தெடுத்த மணல் கலவை. அதற்கும் மேல் புல். குழாய்க்கு 100 அடிக்கு 6 அங்குலமாவது சாய்வு இருக்க வேண்டும். மணல் தேவையான ஈரத்தைப் புல்லுக்கு வைத்துக்கொண்டு, மிஞ்சியதைச் சல்லிக்கு விடும். சல்லி குழாய்க்கு விடும். இதில் ஒரு தட்டு தவறினாலும் மற்றவை பயன் தராது.

நான்காவதுதான் புல். உப்புக்காற்றும் உவர்நீரும் உள்ள இடத்துக்குப் பஸ்பலம் என்ற கடலோரப் புல் இனம் தாங்கும். மற்றப் புல்லைவிட அது உவரைப் பொறுக்கும். ஆனால் எந்தப் புல்லும் தேங்கிய தண்ணீரில் நாட்கணக்கில் மூச்சுவிடாது. வேர் அழுகிவிடும்.

இதில் கவனியுங்கள். மக்கள் கண்ணுக்குத் தெரிவது நான்காவது மட்டுமே. திறப்பு விழாவில் படம் எடுப்பதும் அதைத்தான். முதல் மூன்றும் மண்ணுக்குள் போய்விடும், யாரும் பாராட்ட மாட்டார்கள். அதனால்தான் பல இடங்களில் முதல் மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதில் ஆரம்பிக்கிறார்கள். ஒரு மாரி வந்ததும் எல்லாம் பழையபடி.

மலிவாகவே வைத்திருக்கும் வழி

இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் கூடாதா? கூடாமல் வைத்திருக்க சில வழிகள் உள்ளன.

அளவைக் குறைப்பது முதல் வழி. இதே புளொரிடாவில் வின்டர் பார்க் என்ற சிறு நகரத்துக்கு ஒரு 9 குழி மைதானம் உண்டு. 1914இல் ஆரம்பித்த பழைய மைதானம் அது. 2016இல் அதைத் திருத்தியபோது ஏறத்தாழ 12 இலட்சம் டொலர்தான் செலவு. பெரிய மைதானங்களைத் திருத்துவதோடு பார்த்தால் அது சிறிய தொகை. நடுவே பொது வீதி போகும் சிறு இடத்தை 18 ஆக்க அவர்கள் முனையவில்லை. இருந்த ஒன்பதை நன்றாகச் செய்தார்கள். இன்று தூர இடங்களிலிருந்தும் ஆட்கள் வந்து அதில் விளையாடுகிறார்கள்.

இரண்டாவது, ஊராருக்கு ஒரு விலை, வெளியாருக்கு ஒரு விலை. சரசோட்டாவிலும் உள்ளூர்வாசிகளுக்குக் கட்டணம் குறைவு. உல்லாசப் பயணிகளின் பணம் ஊர்ப் பிள்ளைகளின் கட்டணத்தைத் தாங்குகிறது.

மூன்றாவது, நீருக்கான செலவை விளையாட்டின் தலையில் மட்டும் கட்டாமல் இருப்பது. அந்தச் சதுப்பு நிலம் மைதானத்தை மட்டும் காக்கவில்லை, ஊரின் வெள்ளத்தையும் தாங்குகிறது, குடாவின் தண்ணீரையும் சுத்தப்படுத்துகிறது. ஆகவே அப்பகுதியின் நீர் முகாமைத்துவ அதிகாரசபையும் பணத்தில் பங்கெடுத்தது. பயன் பெறுகிறவர்கள் பலராயின் செலவும் பலருடையதாக இருக்க வேண்டும் என்பது நல்ல வியாபார நியாயம்.

ஊருக்குள் இருக்கும் திறந்த வெளிக்கு இப்படி ஒரு மதிப்பு உண்டு என்பதைச் சென்னையும் கண்டிருக்கிறது. வேளச்சேரி போன்ற பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கி மூழ்கி எழும்பிய பிறகு, கிண்டியில் குதிரைப் பந்தயக் கழகத்திடம் இருந்த ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்தை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கையேற்றது. அதனுள் ஒரு கோல்ப் மைதானமும் இருந்தது. குத்தகை பற்றிய வழக்கு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, மாநகராட்சி அங்கே வெள்ள நீர் தங்கக் குளங்கள் வெட்டியது. நிலம் யாருக்கு என்ற தகராறு எப்படி முடிந்தாலும், தண்ணீருக்கு இடம் தேவை என்பதில் தகராறு இல்லை.

நமது பக்கம் பார்ப்போம்

இப்போது வாவிக்கரைக்கு வருவோம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். மழைநீர் முழுவதும் கடலுக்குப் போவதற்கு இருப்பது பாலமீன்மடுப் பக்கமும் கல்லாற்றுப் பக்கமும் உள்ள முகத்துவாரங்கள்தான். கோடையில் மணல் வந்து மூடிவிடும். மாரியில் வெட்டிவிட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில் வயற்காரருக்கும் மீன்பிடிப்பவருக்கும் ஒரே கருத்து இருப்பதில்லை. 2011 ஜனவரியில் வெள்ளம் வந்தபோது வயலும் கடையும் வீடும் எப்படி நின்றன என்பதை நம்மில் பலர் கண்ணால் கண்டவர்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றதை எந்தத் தகப்பனும் மறக்க மாட்டான். தண்ணீர் தன் பாதையில் வரும்போது அதன் பலம் அத்தகையது.

எழுவான்கரை மணல் நிலம். காத்தான்குடி, கல்லடி போன்ற ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டில் நிற்கின்றன. மணலாயிற்றே, வடிந்துவிடும் என்று நினைப்போம். மாரியின் ஆரம்பத்தில் அது உண்மை. ஆனால் நிலத்தடி நீர் மேலே எழும்பிவிட்டால் மணலுக்குள் இடமே இராது. அப்போது எவ்வளவு நல்ல வடிகானும் நிரம்பி நிற்கும். படுவான்கரையில் களிமண். அங்கே தண்ணீர் கீழே இறங்காது, மேலேதான் ஓட வேண்டும். ஆகவே ஒரு கரையில் சரிவந்த முறையை மற்றக் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது.

இதற்கு நடுவே நாம் செய்வது என்ன? கடை கட்டும்போது பக்கத்துக் கடையைவிட ஓர் அடி உயர்த்துகிறோம். அடுத்தவர் நம்மைவிட ஓர் அடி. பள்ளக் காணியைக் கிறவல் போட்டு நிரப்பிப் பேர்ச்சஸ் கணக்கில் விற்கிறோம். வடிகானுக்கு மேல் சிலாப் போட்டுச் சாமான் அடுக்குகிறோம், அதற்குள் பொலித்தீன் பையும் போகிறது. சாய்ந்தமருது, கல்முனைப் பக்கம் தோணா என்று சொல்லும் நீரோடைகள் குப்பையாலும் சல்வினியாவாலும் அடைபட்டு, பிறகு அரசாங்கப் பணத்தில் தோண்டுவதும், மறுபடி அடைபடுவதும் வழமையாகிவிட்டது. தோணா நமது முன்னோருக்குக் குப்பைக் கிடங்கு அல்ல. சரசோட்டாக்காரர் கோடிக்கணக்கில் செலவு செய்து புதிதாக உண்டாக்கிய சதுப்பு நிலம் என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையைத் தோணா இலவசமாகச் செய்துகொண்டிருந்தது.

ஒருவர் தன் காணியை நிரப்புவதால் தண்ணீர் இல்லாமற் போவதில்லை. அது அடுத்த வீட்டுக்குப் போகிறது. பக்கத்து வீட்டாரின் உரிமையைப் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. கலப்படமும் நிறைமோசடியும் கூடாது என்று கவனமாக இருக்கும் வியாபாரி, தனது வளவின் தண்ணீரை விதவைப் பெண்ணின் அடுப்படிக்குத் தள்ளிவிடுவதையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும்.

பணம் போடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

தாழ்ந்த நிலத்தில் கடை, களஞ்சியம், மண்டபம், விளையாட்டுத் திடல் எது அமைப்பதாயினும், ஊர் மைதானத்தையோ பள்ளிவாசல் வளவையோ திருத்தும் குழுவில் நீங்கள் இருந்தாலும், பின்வருவனவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. இந்தக் காணியை மாரியில் பார்த்தோமா? கோடையில் பார்த்துக் காணி வாங்குவது, பசி இல்லாத நேரத்தில் சோற்றுக்கு அரிசி அளப்பது போன்றது. பக்கத்து வீட்டுச் சுவரில் பழைய வெள்ளக் கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதை எந்தத் தரகரும் மறைக்க முடியாது.

2. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? நிலஅளவையாளரைக் கொண்டு மட்டம் பார்க்கும் செலவு, ஒரு லொறிக் கிறவலை வீணாக்குவதைவிடப் பெறுமதியானது.

3. வெளிவாசல் யாருடையது? நமது வடிகான் போய்ச் சேரும் கான் பிரதேச சபையுடையதா, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையதா, தனியார் காணிக்குள் போகிறதா? அனுமதியை முதலில் எழுத்தில் எடுங்கள்.

4. மழை நாளில் ஒரு நாள் மூடினால் எவ்வளவு நட்டம்? வருடத்தில் எத்தனை நாள்? அந்தத் தொகைதான் வடிகானுக்குச் செலவழிக்கத் தகுந்த தொகையின் முதல் அளவுகோல்.

5. முழுவதையும் அரைகுறையாகச் செய்வதா, பாதியை முழுமையாகச் செய்வதா? கையில் உள்ள பணம் இரண்டு மைதானத்துக்குப் போதாவிட்டால் ஒன்றைச் செய்யுங்கள். மற்றதைத் தண்ணீருக்கு விடுங்கள்.

6. பராமரிப்புக்கு யார்? மண்ணுக்குள் போட்ட குழாயும் வருடத்துக்கு ஒரு முறை கழுவப்பட வேண்டும். பெக்கோ கொண்டு தோண்டிய குளமும் சில வருடங்களில் தூரும். திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று தனியாக வையுங்கள்.

7. நமது வேலையால் அடுத்தவருக்குத் தண்ணீர் போகிறதா? போகிறதென்றால் வரைபடத்தை மாற்றுங்கள்.

முடிவாக

சரசோட்டா நகர சபை ஒரு பணக்கார நாட்டின் நகர சபை. அவர்களிடம் உள்ள பணம் நம்மிடம் இல்லை என்பது உண்மையே. ஆனால் அவர்களின் மைதானம் கெட்டது பணம் இல்லாமல் அல்ல. தண்ணீரின் இடத்தை மறந்துவிட்டு மேலும் மேலும் பெருப்பித்ததால் கெட்டது. அது திருந்தியதும் பணத்தால் மட்டும் அல்ல. எதை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிக்கும் துணிச்சலால் திருந்தியது. அந்தத் துணிச்சலுக்கு டொலர் தேவையில்லை.

அடுத்த மாரி வருவதற்குள் ஒவ்வொரு கடைத்தெருவிலும் பத்து வியாபாரிகள் ஒன்றுகூடி, தமது தெருவின் தண்ணீர் எந்த வழியாக வாவிக்குப் போகிறது என்று ஒரு நாள் நடந்து பார்த்தால் போதும். எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதில் நமது சிலாப்பும் இருக்கலாம். அதைத் தூக்குவதிலிருந்து வேலையை ஆரம்பிக்கலாம், இன்ஷா அல்லாஹ்.